தேடுசொல் தொகுப்பின் வரலாறு: பதிவேடு கைமாறிய விதம்

இணையதளத்துக்கு வருபவர்களின் தேடுசொற்களைத் தலைப்புவாரியாகத் தொகுப்பது இன்று ஒரு கணக்கீட்டு நுட்பமாகவே பேசப்படுகிறது. ஆனால் நுட்பத்தைவிட, தேடல் பதிவேடு யார் கையில் இருந்தது என்பதே அதன் வளர்ச்சியைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1990களில் பதிவேடு தளத்தை நடத்துபவரிடமும் இருந்தது. தேடல் முடிவைக் கிளிக் செய்து ஒருவர் வரும்போது, அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்ற முகவரியை உலாவி கூடவே அனுப்பியது. தேடிய சொற்கள் அந்த முகவரிக்குள்ளேயே இருந்தன. சர்வர் அதைக் குறித்துக்கொண்டது. 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் உருவாக்கிய அனலாக், பின்வந்த வெப்அலைசர் போன்ற மென்பொருள்கள் இக்குறிப்புகளைப் பட்டியல்களாக்கித் தந்தன.

பட்டியல் நீண்டதும் தொகுக்க வேண்டியதாயிற்று. பொதுச்சொல் உள்ள தேடல்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் ஆப்பிள் பழமும் ஆப்பிள் கணினியும் ஒரே குழுவில் விழும். காரும் மோட்டார் வாகனமும் பிரிந்து நிற்கும்.

திருப்பம் 2000இல் வந்தது. டக் பீஃபர்மன், ஆடம் பெர்கர் இருவரும் லைகோஸ் தேடுபொறியின் கிளிக் பதிவுகளை ஆராய்ந்தபோது சொற்களின் உள்ளடக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒருபுறம் தேடல்கள், மறுபுறம் கிளிக் செய்யப்பட்ட முகவரிகள். இரண்டுக்கும் இடையே இணைப்புக் கோடுகள். ஒரே முகவரிகளுக்கு இட்டுச்செல்லும் தேடல்களை முதலில் இணைத்தார்கள். அடுத்து, ஒரே தேடல்களால் அடையப்படும் முகவரிகளை இணைத்தார்கள். இப்படி மாறி மாறிச் செய்ய, எழுத்தளவில் தொடர்பே இல்லாத தேடல்களும் ஒரு குழுவாயின. தேடலின் பொருளைத் தேடியவரின் செயலிலிருந்து அறியலாம் என்ற இந்த எண்ணமே இத்துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் என்கார்ட்டா கலைக்களஞ்சியத்தின் தேடல்களில் சொல்லையும் கிளிக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

2005இல் கூகுள், அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் அனலிடிக்ஸ் சேவையை இலவசமாகத் தந்தது. தேடுசொல் அறிக்கை சிறு தளங்களுக்கும் எளிதாயிற்று. அடுத்த ஆண்டே பதிவேட்டின் ஆபத்தும் வெளிப்பட்டது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பயனர்களின் ஏறத்தாழ 2 கோடி தேடல்களை ஆய்வுக்கென வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்களே இருந்தன. ஆயினும் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் சில நாட்களிலேயே ஒருவரை அடையாளம் கண்டார்கள். தலைப்புவாரியாகத் தொகுக்க உதவும் அதே பதிவேடு ஆள்வாரியாகத் தொகுக்கவும் உதவும். முன்னதை மட்டும் அனுமதித்துப் பின்னதைத் தடுப்பது எளிதல்ல.

2011 அக்டோபரில் கூகுள், கணக்கில் நுழைந்தவர்களின் தேடல்களைக் குறியாக்கம் செய்து, சொற்களைத் தளங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. 2013இல் அது எல்லோருக்கும் விரிந்தது. தனியுரிமைக்கு அது தேவையான காப்புதான். ஆனால் 2011இல், விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்களின் சொற்கள் மட்டும் விளம்பரதாரர்களுக்குத் தொடர்ந்து சென்றன. தனியுரிமை ஒன்றே காரணம் என்றால் இந்த விலக்குக்கு நியாயம் இல்லை.

அதன்பின் பகுப்பாய்வாளர்கள் சொல்லை விட்டுப் பக்கத்தைப் பற்றிக்கொண்டார்கள்: வாசகர் எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினாரோ அதுவே தலைப்பு. கூகுளின் சர்ச் கன்சோலில் தேடுசொற்கள் கிடைத்தாலும், மிகச் சிலரே தேடியவை அங்கே மறைக்கப்படுகின்றன. 2025இல் ஒத்த தேடல்களைச் செயற்கை நுண்ணறிவால் குழுவாக்கிக் காட்டும் வசதியும் அதில் சேர்ந்தது. பதிவேட்டை வைத்திருப்பவரே இப்போது தொகுத்தும் தருகிறார். எந்த அளவுகோலால் என்பதைத் தளத்தவர் சோதித்துப் பார்க்க முடியாது.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். திருச்சி, திருச்சிக்கு, திருச்சியிலிருந்து என வேற்றுமை உருபால் ஒரு சொல் பலவாகிறது. ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். சொல்லொப்புமை இங்கே விரைவில் தோற்கும். ஒரே பக்கத்துக்கு இட்டுவந்த தேடல்களைச் சேர்க்கும் 2000ஆம் ஆண்டு முறையோ எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. சர்ச் கன்சோல் தரவைக் கொண்டே சிறு தளத்தவரும் அதைச் செய்யலாம். ஆனால் பல வடிவங்களாகச் சிதறும் தேடல்களில் ஒவ்வொன்றும் அரிதாகிவிடுவதால், மறைக்கப்படும் பகுதிக்குள் அவை விழும் வாய்ப்பும் அதிகம்.