போர்வண்டிகளின் நெற்றிக்குறி

இரண்டாவது உலக மகாயுத்தம் 1945-ல் முடிவுற்றபோது, பர்மாப் போர்முனைக்கென்று நம் நாட்டில் குவிந்திருந்த ஜீப்புகளும் லாரிகளும் உபரிச் சரக்காக விலைபோயின. அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. ஆர்வமுள்ள அன்பர்கள் அவற்றைப் பழுதுபார்த்துப் பழைய வண்டிகளின் பவனிகளில் ஓட்டிச் செல்வதை நம் காலனிக் குழந்தைகளும் கண்டு மகிழ்ந்திருப்பர். எனினும், இயந்திரத்தில் காட்டும் சிரத்தையை இவ்வன்பர்களுள் பலர் வண்டியின்மேல் எழுதும் குறிகளில் காட்டுவதில்லை. வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் ஒன்றைத் தீட்டிவிட்டால் போர்வண்டி ஆகிவிட்டது என்பது அவர்கள் எண்ணம். சினிமாவின் உபயம்!

அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்க வண்டிகளுக்கு வெள்ளை நட்சத்திரம் 1942-ல் பொதுச் சின்னமாயிற்று. தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு அது ஜெர்மானியரின் சிலுவைக் குறிபோல் மயக்கம் தந்ததால், 1943-ல் சிசிலிப் படையெடுப்பின்போது அதைச் சுற்றி வட்டம் சேர்த்தனர். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டு வண்டிகள் இச்சின்னம் தாங்கியவையே. ஆகவே, 1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய சேனையின் ஜீப் என்று சொல்லிக்கொண்டு அதற்கு வட்டமிட்ட நட்சத்திரம் தீட்டுவது, நடவாத ஒன்றுக்குச் சாட்சி சொல்வதாகும்.

ரயில்வே யார்டில் நிற்கும் ஒரு சரக்கு வாகனைப் பாருங்கள். அது எந்த ரயில்வேக்கு உரியது, அதன் வெற்று எடை என்ன, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையெல்லாம் அதன் உடம்பிலுள்ள எழுத்தே சொல்லிவிடும். ஓரெழுத்து பிசகினால் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் கணக்கு நிற்காது. ராணுவ வண்டியும் அவ்வாறே. பிரிட்டிஷ் முறையில் லாரிக்கு 'எல்', சிறிய டிரக்குக்கு 'இஸட்' என்ற எழுத்துடன் பதிவெண் இருக்கும். வர்ணச் சதுரம் ஒன்று படைப்பிரிவைக் காட்டும்: பீரங்கிப் படைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம், பொறியியல் படைக்கு முழுவதும் நீலம். முகப்பிலுள்ள மஞ்சள் வட்டில் கறுப்பு எண் ஒன்று காணப்படும். அது பாலத்துக்குரியது. ஜீப்புக்கு 2, ஷெர்மன் டாங்கிக்கு 30-க்கும் மேல். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் நதிமீது 1154 அடி நீளப் பெய்லி பாலம் அமைத்தார்கள். அத்தகைய பாலத்தின் வாயிலில் நிற்கும் காவலன் வண்டியின் எண்ணைப் பார்த்தே அதை அனுமதிப்பான். எண் பொய்யானால் வண்டியோடு பாலமும் ஆற்றில் போகும்.

இவை யாவற்றினும் சுவையானவை டிவிஷன் சின்னங்களே. படையின் பெயரைப் பகைவன் அறியலாகாது. நண்பன் அறிய வேண்டும். அதனால் பெயருக்குப் பதிலாகப் படம் எழுதினர். 4-ஆவது இந்திய டிவிஷனுக்குச் செங்கழுகு, 5-ஆவதற்குச் செவ்வட்டம், 7-ஆவதற்குப் பொன்னம்பு, 23-ஆவதற்குச் சண்டைச் சேவல். 17-ஆவது டிவிஷன் முதலில் மின்னலைத் தாங்கியிருந்தது. பர்மாவிலிருந்து பின்வாங்கிய பின்னரே கறுப்புப் பூனையை ஏற்றது. இவர்களுக்கெல்லாம் மேலான 14-ஆவது சேனையின் சின்னத்தில் வாளின் முனை கீழ்நோக்கி இருக்கும். சின்னக்கலை மரபுக்கு இது மாறானது. ஆயினும், பர்மாவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே மீட்க வேண்டும் என்பதைத் தளபதி ஸ்லிம் அறிந்திருந்தார். அந்தச் சேனையில் மதராஸ் ஸாப்பர்களும் இருந்தனர். நம்மவர் பலர் அதில் உழைத்தனர். நம் நாட்டில் ஓடும் ஜீப்புக்கு நார்மண்டியின் நட்சத்திரம் வந்து, பூனையும் சேவலும் மறைந்துபோவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

மெய்யான குறியைக் கண்டறிய வழி இருக்கிறது. பழைய வர்ணத்தை ஒரேயடியாகச் சுரண்டிவிடாமல், நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் அடுக்கடுக்காகத் தேய்த்து வந்தால், எஞ்சின் மூடியின் பக்கத்தில் முன்னாள் எண்ணின் நிழல் எழும்பக்கூடும். எழும்பியதும் அளவெடுத்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தேய்ப்பில் அது போய்விடும். தொழிற்சாலையில் தகடு வெட்டிப் பதித்த எழுத்துக்களில் சிறு இடைவெளிகள் தென்படும், அவற்றை நிரப்பிவிடலாகாது. போர்முனையில் சிப்பாய் தூரிகையால் எழுதிய சின்னம் சற்றுக் கோணலாகவே இருக்கும். அதையும் நேராக்க வேண்டியதில்லை. பளபளக்கும் வர்ணம் கூடவே கூடாது, வெயிலில் மின்னிப் பகைவனுக்கு இடம் காட்டும் என்பதால் அன்று மங்கிய பச்சையே பூசினர்.

எவ்வளவு தேய்த்தும் எண் கிடைக்காத வண்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கற்பனையாக ஓர் எண்ணும் டிவிஷனும் சூட்டுவதைவிட அவ்விடங்களை வெறுமையாக விடுவதே மேல். மஞ்சள் வட்டும் அதிலுள்ள 2-ம் மட்டும் இருக்கட்டும். அது எந்த ஜீப்புக்கும் பொருந்தும்.