ஏட்டுத் தமிழும் செவித் தமிழும்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஓர் அன்பியக் கூட்டம். செபமாலையை முன்னின்று நடத்தியவர் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. ஐந்து தேவ இரகசியங்களையும், அன்னையின் மன்றாட்டு மாலை முழுவதையும், ஓர் எழுத்தும் பிசகாமல் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். தூய ஆவியார் அவர் நாவில் இன்னும் ‘இஸ்பிரீத்து சாந்து’தான். செபம் முடிந்ததும், இறைவாசகம் அச்சிட்ட தாளை அவரிடமே நீட்டினேன். அவர் கூசிப்போய், “எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி, பேத்தி படிப்பா” என்றார். ஒன்பதாம் வகுப்பு பயிலும் அந்தச் சிறுமி எழுந்து, தங்குதடையின்றி, தெளிந்த உச்சரிப்போடு வாசித்தாள். ஆனால் சற்றுமுன் பாட்டி சொன்ன மன்றாட்டு மாலையில் பத்து அடிகள்கூட அவளுக்கு மனப்பாடமில்லை.

ஒரே வீட்டில், ஒரே பாயில் அமர்ந்திருந்த அந்த இருவரிடமும் இருவேறு தமிழைக் கண்டேன். ஒன்று செவி வழி வந்த தமிழ். மற்றொன்று ஏட்டின் வழி வந்த தமிழ். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் வரலாற்றை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

ஆணின் பேச்சும் பெண்ணின் பேச்சும் வேறுபடுகின்றன என்பது எந்தச் சமுதாயத்திலும் கண்கூடு. பெண்ணுக்கு உணர்ச்சிமொழி, ஆணுக்கு அறிவுமொழி என்று இயற்கையே பிரித்து வைத்துவிட்டதாக நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். வரலாற்றைப் புரட்டினாலோ வேறொரு விடை கிடைக்கிறது. யார் கையில் ஏடு கொடுக்கப்பட்டது, யார் கையினின்று அது விலக்கப்பட்டது என்பதே அந்த விடை.

முதலில் நம் திருச்சபையின் வரலாற்றையே நோக்குவோம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கல்விக்கும் வழிபாட்டுக்கும் உரிய மொழி இலத்தீன். எந்தக் குழந்தையும் அதைத் தாய்மடியில் கற்கவில்லை. சிறுவர்கள் வீட்டை விட்டு வெளியேறி, ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சிக் கற்ற மொழி அது. இயேசு சபை அறிஞரான வால்டர் ஓங் அடிகளார் 1959-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், இலத்தீன் கல்வி என்பது சிறுவனைப் பெண்களின் உலகிலிருந்து பிரித்து ஆண்களின் உலகில் சேர்க்கும் சடங்காகவே விளங்கிற்று என்று விளக்கினார். தாய்மொழி என்று ஒன்று உண்டானால், இதைத் ‘தந்தைமொழி’ எனலாம். முறையான கல்வி பெறாத சியன்னா நகர்ப் புனித கத்தரீனா, தாம் பேசிய மக்கள் மொழியிலேயே பிறரை எழுதச் செய்து, திருத்தந்தையருக்கும் அரசர்களுக்கும் கடிதங்கள் விடுத்தார். இன்றும் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. 1380-இல் இறந்த அவரைத் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது 1970-ஆம் ஆண்டில்தான். மக்கள் மொழியில் பேசிய அந்தப் பெண்ணின் குரலுக்கு மறைவல்லுநர் என்னும் மதிப்பு கிட்ட ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆயின!

நம் தமிழுக்குள்ளும் இத்தகைய ஒரு பிரிவு உண்டு. பேச்சு வழக்கு ஒன்று, செய்யுள் வழக்கு ஒன்று என்பதை நன்குணர்ந்த வீரமாமுனிவர், 1728-இல் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், 1730-இல் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமுமாக இரண்டை இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் வீட்டில் தானாக வரும். செந்தமிழையோ திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய எழுதியும், உரக்க ஓதியும் பெறவேண்டும். அத்திண்ணையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய கல்விக் குறிப்பு இதற்குச் சான்று. எழுத்தறிவு பெண்ணின் நாணத்துக்கு ஒவ்வாதது, ஆடல் மகளிருக்கே உரியது என்று கருதப்பட்டதால், மிகச் சில சமூகங்கள் நீங்கலாகப் பெண்கள் கல்வியின்றி இருந்தனர் என்று அவர் பதிவு செய்துள்ளார்.

இதைத் தமிழ்ப் பெண்ணின் இயல்பு என்று யாரேனும் கூறுவாராயின், சங்கப் பாடல்களே அவருக்கு மறுமொழி கூறும். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் காக்கைபாடினியாரும் உள்ளிட்ட பெண்பாற் புலவர்கள் அன்று சான்றோர் வரிசையில் அமர்ந்திருந்தனர். பின்னர்க் காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் பாடினர். இடையில்தான் கதவு மூடப்பட்டது. மூடிய பிறகு நேர்ந்த விந்தையையும் பாருங்கள்: தாயின் நிலையில் நின்று பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை ஆண்பாற் புலவர்கள் ஏட்டில் வளர்த்தனர். உண்மைத் தாய்மார் தொட்டிலருகே பாடிய தாலாட்டும், பிணத்தருகே பாடிய ஒப்பாரியும் ஏடேறாமல் காற்றில் கலந்தன. மொழியாற்றல் பெண்ணிடம் குறைந்துவிடவில்லை; அது செவியிலும் நாவிலும் மட்டுமே வாழும்படி ஆயிற்று.

கதவு மீண்டும் திறந்த கதையில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் லூத்தரன் சபைப் போதகர் 1707-லேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் 1844-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. ஆயர் பொன்னான் அவர்கள் அவ்வாண்டு புதுச்சேரியில் கூட்டிய மன்றம் கல்விப் பணியை வற்புறுத்தியது. அதே ஆண்டில், பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புயி அடிகளார், தமிழ்ப் பெண்களையே கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையை நிறுவினார். சிறுமியருக்கு எழுத்தும் மறைக்கல்வியும் புகட்டுவதே அச்சபையின் முதற்பணி. தாசிகள் கற்கும் கல்வியை நம் வீட்டுப் பெண்களுக்குக் கற்பிப்பதா என்ற ஏளனம் நிலவிய காலம் அது.

இந்தத் துப்புயி அடிகளார்தாம் மூசே அடிகளாரோடு இணைந்து பெரிய தமிழ்-பிரெஞ்சு அகராதியையும் உருவாக்கினார். அதன் முதற்பாகம் 1855-இல் வெளிவந்தது. ஒரு கையால் தமிழ்ச் சொற்களைத் திரட்டியவர், மறுகையால் அச்சொற்களைப் படிக்கும் உரிமையைப் பெண்களுக்கு வழங்கினார். இவ்விரு பணிகளையும் ஒன்றாக வைத்து எண்ணும்போது என் உள்ளம் நெகிழ்கிறது.

அடுத்து வந்தவர் பொதுநிலையினர் ஒருவர். 1826-இல் குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, பெண்கல்விக்காகவே பெண்மதி மாலை என்னும் நூலை இயற்றினார். 1879-இல் அச்சான அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில், கதைநாயகி ஞானாம்பாள் ஆணுடை பூண்டு விக்கிரமபுரியை ஆள்கிறாள். அறிவிலும் சொல்வன்மையிலும் கணவனை விஞ்சி நிற்கிறாள். ஆணுடை அணிந்த பின்னரே அவளது சொல்லுக்கு நாடு செவிசாய்க்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. தமிழர் வழக்காடும் மன்றங்களில் அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் வாதிடுவதையும் அதே நூலில் அவர் சாடுகிறார். மக்களுக்கு மறுக்கப்பட்ட மொழியும் பெண்களுக்கு மறுக்கப்பட்ட மொழியும் அவருக்கு ஒரே வழக்காகவே தோன்றியிருக்க வேண்டும்.

கதவு திறந்தும் மாற்றம் மெல்லவே வந்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் ஆண்களில் 1000-க்கு 119 பேர்; பெண்களில் 9 பேர் மட்டுமே. 1991-இல் தமிழகப் பெண்களில் 100-க்கு 51 பேர் எழுத்தறிந்திருந்தனர். அவ்வாண்டில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்று, பிறர் துணையின்றி ஊர்விட்டு ஊர் சென்றனர். 2011-இல் பெண்களில் 73 பேர், ஆண்களில் 87 பேர் என்ற நிலைக்கு வந்தோம்.

ஏடு கைக்கு வந்தபின் மொழியும் தன் முகத்தை மாற்றிக் கொள்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், திருமுகங்களில் ‘சகோதரரே’ என்றிருந்த விளி ‘சகோதர சகோதரிகளே’ என விரிந்தது. ஒரு சொல்தான், ஆனால் ஆலயத்தின் பாதிப்பேர் அன்றே முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். வாசக மேடையோ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1972 முதல் நிலையான வாசகர் பணி ஆண்களுக்கே என்றிருந்தது. பெண்கள் வாசித்தனர், ஆயினும் அது தற்காலிக அனுமதியாகவே கருதப்பட்டது. 2021 சனவரி 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தி, அப்பணியைப் பெண்களுக்கும் உரியதாக்கினார்.

இப்போது கதையின் மறுபக்கம். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் வாசிக்க அழைத்தால் சிறுமியரின் கைகள் உயர்கின்றன, சிறுவர்கள் தலைகுனிகிறார்கள். ஒருவன் திருத்தமாக வாசித்தால், “பொண்ணு மாதிரி படிக்கிறான்” என்று பின்வரிசை நகைக்கிறது. இது நம் ஊரில் மட்டும் காணும் காட்சியன்று. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆய்வு செய்த பீட்டர் டிரட்கில் என்னும் மொழியியலார் 1970-களிலேயே இதைக் கண்டார். பெண்கள் திருந்திய மொழியை நாடினர். ஆண்களோ கொச்சை மொழியே ஆண்மைக்கு அடையாளம் என்று எண்ணி, தாம் பேசுவதைவிடக் கொச்சையாகப் பேசுவதாகவே கூறிக்கொண்டனர். தமிழகத்தில் 2024-ஆம் ஆண்டு மேல்நிலைப் பொதுத்தேர்வில் மாணவியர் 96.44 விழுக்காடும், மாணவர் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். ஒரு காலத்தில் ஏடு பெண்ணுக்கு நாணக்கேடு என்றோம். இன்று நம் சிறுவர்கள் அதைத் தமக்கு நாணக்கேடு என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அன்றும் இன்றும் தவறு ஒன்றே, பாதிக்கப்படுவோர்தாம் மாறியிருக்கின்றனர்.

இறுதியாக என் குற்றம் ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். குருவாகி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த நாளில், வேறொரு பங்கில், செபமாலை நடத்திய ஒரு மூதாட்டியை எல்லார் முன்னிலும் திருத்தினேன். “இஸ்பிரீத்து சாந்து என்று சொல்லக்கூடாது பாட்டி, தூய ஆவி என்று சொல்லுங்கள்” என்றேன். அவர் அமைதியாகத் தலையசைத்தார். அதன்பின் அவர் செபமாலையை முன்னின்று நடத்தவே இல்லை. குருமடத்தில் நான் கற்ற ஏட்டுத் தமிழ் சரியானதே. ஆனால் அந்த ஏடு எட்டாத வீடுகளில், போர்த்துக்கீசியர் காலத்துச் சொல்லொன்றைத் தாயும் மகளுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்து, நம்பிக்கையை அணையாமல் காத்தது அவருடைய செவித் தமிழ். அதை ஒரே நொடியில் ஊமையாக்கினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்குமுன் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

ஆகவேதான் வெள்ளானூர்க் கூட்டத்தில் அந்தப் பாட்டியை நான் திருத்தவில்லை. மாறாக, பேத்தியிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பாட்டி சொல்லும் செபங்களையும், அவர் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் அவர் சொல்லும் வண்ணமே எழுதி வரச் சொன்னேன். அவளுடைய தம்பியையும் உடன் அமர்த்தும்படி கேட்டுக் கொண்டேன். அவன் செவி கேட்கட்டும்; அவன் கையும் எழுதட்டும்.

உயிர்த்த ஆண்டவரின் நற்செய்தியை முதலில் சுமந்து ஓடியவர் மகதலா மரியா. அவர் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாகவே எண்ணினர் என்று லூக்கா குறிப்பிடுகிறார். சொன்ன செய்தி மெய்யாயிருந்தும், சொன்னவர் பெண் என்பதால் கேட்கப்படவில்லை. நம் இல்லத்தில், நம் ஆலயத்தில், யாருடைய சொல் இன்று பிதற்றலாகத் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.