ஹஜ், உம்ரா பயணத்தில் போனின் சார்ஜ்: புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்லும் உம்மா, வாப்பாவின் பயணப் பையில் மருந்து, இஹ்ராம் துணி, செருப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். சார்ஜரை மட்டும் கடைசி நேரத்தில் சுவரிலிருந்து பிடுங்கிப் போடுவார்கள். மதீனாவில் ரவ்ழாவுக்குச் செல்லும் அனுமதி இன்று நுசுக் செயலியில்தான் கிடைக்கிறது. ஹோட்டலின் பெயர், குழுத் தலைவரின் இலக்கம், விமான டிக்கட் எல்லாமே அதே போனுக்குள். சனத்திரளில் வழிதவறிய ஒருவரின் போன் அணைந்திருந்தால் அவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பயணம் போகும் உறவினர்கள் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பிளக். சவூதியில் 230 வோல்ட் மின்சாரம், 60 ஹேர்ட்ஸ். எமது நாட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சார்ஜரின் மேல் "100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. போன் சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சவூதியின் தரம் நாம் 13 அம்பியர் என்று சொல்லும் சதுர முனை மூன்று முள் பிளக். துபாய், தோஹா வழியாகப் போனாலும் அதுவேதான். ஆனால் எமது பழைய வீடுகளில் இன்னும் உருண்டை முள் சொக்கட் இருப்பதால், அதற்கேற்ற சார்ஜரைக் கொண்டுபோய் அங்கே அடப்டர் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே 13 அம்பியர் சார்ஜர் ஒன்றை வாங்கிவிடுங்கள். நான்கைந்து பேர் தங்கும் அறையில் சொக்கட்டுக்குத்தான் போட்டி. நான்கு கேபிள் செருகக்கூடிய ஒரே சார்ஜர் அறைக்கே போதும். மலிவான எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்தலையும் அயர்னையும் போனையும் சேர்த்துச் செருக வேண்டாம்.

அடுத்தது பவர் பேங்க். விமான நிலையத்தில் எம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். செக்-இன் செய்யும் பெரிய பையில் பவர் பேங்க் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. அதற்கு மேல் இடமில்லை. கணக்கு எளிது: எம்.ஏ.எச். இலக்கத்தை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர். 30,000 என்றால் 111, எல்லையைத் தாண்டிவிட்டது. புறக்கோட்டை நடைபாதையில் 50,000 என்று பெரிதாக அச்சிட்டு விற்பவை உண்டு. அந்த இலக்கம் பொய்யாகவே இருந்தாலும் பாதுகாப்பு அதிகாரி பார்ப்பது அச்சிட்டதைத்தான். கணக்குப்படி அது 185 வாட்-அவர். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கும் பறிபோகலாம்.

விதிகள் இறுகிக்கொண்டும் வருகின்றன. எமிரேட்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரே ஒரு பவர் பேங்க்தான் என்றது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. உங்கள் டிக்கட்டில் உள்ள நிறுவனம் என்ன சொல்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போனை வீட்டிலேயே முழுமையாக சார்ஜ் செய்துகொண்டு ஏறுவது நல்லது.

ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டும். துல்ஹஜ் 9ஆம் நாள் காலை மினாவிலிருந்து அரபாவுக்குப் புறப்பட்டால், மஃரிப் வரை அங்கே. இரவு முஸ்தலிபாவில் திறந்த வெளியில். மறுநாள் மினா கூடாரத்துக்குத் திரும்பும்வரை சொக்கட்டை நம்பியிருக்க முடியாது. ஒரு முழு நாளுக்கான சார்ஜ் கையில் இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கிலிருந்து போனுக்கு உண்மையில் போய்ச் சேருவது 12,000 அல்லது 13,000தான். மீதி மின்னழுத்தத்தை மாற்றுவதிலும் வெப்பத்திலும் போய்விடும். 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டரை முறை நிரப்பலாம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரு நாளுக்கு இது தாராளம். 10,000 என்றால் ஒருவருக்கு மட்டும்.

அந்தச் சனக்கூட்டத்தில் சிக்னல் தேடித் தேடியே பற்றரி கரையும். குழுவுடன் ஓரிடத்தில் இருக்கும்போது போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடலாம். தனியாக வெளியே போகும்போது மட்டும் திரும்ப இயக்குங்கள். தவாபை வீட்டாருக்கு நேரலையாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இபாதத்தின் கவனம் ஒருபுறம், சார்ஜ் மறுபுறம், இரண்டும் போகும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 பாகை செல்சியஸ் பதிவானது. ஐபோனைப் பயன்படுத்த உகந்த சூழல் வெப்பநிலை 35 பாகை வரை என்றே அப்பிள் நிறுவனம் குறிப்பிடுகிறது. சூடேறிய போன் சார்ஜை ஏற்க மறுக்கும், சில நேரம் தானே அணையும். பழுது என்று பதற வேண்டாம்; உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்க்கும். இஹ்ராம் இடுப்புப் பட்டியில் போனையும் பவர் பேங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து, உடற்சூட்டில் சார்ஜ் செய்வதும் கூடாது.

பள்ளிவாசல் சுவரில் சொக்கட்டைக் கண்டவுடன் கேபிளை நீட்டுபவர்களும் உண்டு. தொழ வரும் முதியவரின் கால் அதில் சிக்கினால் என்னாகும்? காதுக் கருவி அணிபவர்கள் அதற்கான பற்றரியையும், சீனி பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள் அதன் வட்டப் பற்றரியையும் இங்கிருந்தே மேலதிகமாகக் கொண்டுபோவது நல்லது.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் போன் அணையும் நேரம் வரலாம். ஹோட்டலின் பெயரை அரபியிலும், குழுத் தலைவரின் சவூதி இலக்கத்தையும் கடதாசியில் எழுதி, லெமினேட் செய்து கழுத்து அட்டையின் பின்னால் வையுங்கள். வயதானவர்களுக்கு 4ஜியில் இயங்கும் சிறிய பட்டன் போன் ஒன்றை இரண்டாவதாகக் கொடுக்கலாம். அதன் இலக்கம் அறையில் உள்ள மற்ற எல்லோரிடமும் இருக்க வேண்டும்.