நீலகிரித் தைலம்: மலிவான ஒரு நறுமண எண்ணெயின் வரலாறு

யூகலிப்டஸ் இலையை ஆவியில் வடித்து எடுக்கும் நறுமண எண்ணெய்தான் நீலகிரித் தைலம். சளி, மூக்கடைப்பு, தலைபாரம், மூட்டுவலி என்று எது வந்தாலும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் தேடப்படுவது இந்தச் சிறு புட்டிதான். ரோஜா, மல்லிகை, சந்தன எண்ணெய்களை வாங்கச் சாமானியரின் சம்பளம் போதாது. நீலகிரித் தைலத்தையோ உதகைக்குச் சுற்றுலா போகிறவர்கள் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து வாங்கி வருகிறார்கள். தரம் குறைந்த சரக்கு என்பதால் இது மலிவாக விற்கவில்லை. விறகுக்காக நட்ட காட்டில் உதிர்ந்து கிடந்த இலையே இதன் மூலப்பொருளானதால் விலை குறைந்தது. அந்தக் காடு உருவானதும், அதன் இலை தைலமானதும், அதற்காக மலை இழந்ததும் சேர்ந்ததே இந்தத் தொழிலின் வரலாறு.

ஆஸ்திரேலியாவில் தொடக்கம்

யூகலிப்டஸின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள பூர்வகுடிகள் அதன் இலையை நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். 1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர்களின் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட், அங்கே வளர்ந்த ஒருவகை யூகலிப்டஸின் எண்ணெயை வயிற்றுவலிக்கான மருந்தென்று இங்கிலாந்துக்கு அனுப்பினார். பின்னாளில் நீலகிரியை நிறைத்த நீலப் பிசின் மரத்தை, அதாவது யூகலிப்டஸ் குளோபுலஸை, டாஸ்மேனியா தீவில் சேகரித்து உலகுக்கு விவரித்தவர் லபிலார்தியேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர்.

எண்ணெயை வணிகச் சரக்காக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ. இங்கிலாந்திலிருந்து விக்டோரியாவுக்குக் குடியேறிய இந்த மருந்துக்கடைக்காரர், 1850களில் மெல்போர்ன் அருகே இலையைக் காய்ச்சத் தொடங்கினார். தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர் அவருக்கு ஊக்கம் தந்ததோடு, யூகலிப்டஸ் விதைகளைப் பல நாடுகளுக்கும் அனுப்பி வைத்தார். சதுப்பு நிலத்தில் இந்த மரத்தை நட்டால் காய்ச்சல் ஒழியும் என்ற நம்பிக்கை அன்று ஐரோப்பாவில் பரவியிருந்தது. ரோம் நகருக்கு அருகிலுள்ள த்ரே ஃபொந்தானே மடத்துத் துறவிகள் மலேரியாவை விரட்ட ஒரு தோப்பையே வளர்த்தனர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த பிறகே உண்மை விளங்கியது. மரத்தின் வாசனைக்கு மலேரியாவை ஒழிக்கும் ஆற்றல் இல்லை. வேர் தண்ணீரை உறிஞ்சி நிலத்தை உலர்த்தியதுதான் நடந்தது. மரத்தின் இந்தக் குணம் பிற்காலத்தில் நீலகிரியில் வேறொரு விளைவைத் தந்தது.

நீலகிரிக்கு வந்த வழி

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819இல் நீலகிரி மலை ஏறினார். 1820களில் உதகையில் ஆங்கிலேயர் வீடு கட்டிக் குடியேறினர். குளிர்ப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு கணப்பு எரிந்தது. 1850களில் இன்றைய வெலிங்டனில் ராணுவப் பாசறை எழுந்ததும் விறகுத் தேவை மேலும் கூடியது. பள்ளத்தாக்குகளில் இருந்த சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இந்த விறகுப் பஞ்சத்துக்குத் தீர்வாகவே ஆஸ்திரேலிய மரங்கள் மலையேறின. சீகை என்று உள்ளூரில் அழைக்கப்படும் வாட்டில் மரம் அவற்றில் ஒன்று. நீலப் பிசின் மரத்தை 1843இல் உதகையில் நட்டவர் சென்னை ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன். வெட்டிய அடிமரத்திலிருந்து மறுபடியும் துளிர்த்து, சுமார் பத்தாண்டுகளில் அடுத்த வெட்டுக்குத் தயாராகிவிடும் இந்த மரம், வனத்துறைக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. 1860களிலிருந்து அரசுத் தோட்டங்கள் பெருகின. வன அதிகாரி டி. ஈ. ஹட்சின்ஸ் நீலகிரியின் ஆஸ்திரேலிய மரங்களுடைய வளர்ச்சியை அளந்து 1883இல் ஓர் அறிக்கையே வெளியிட்டார். தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புகளுக்கும் இதுவே விறகானது. இப்படி நட்டவர்கள் எவரும் தைலத்தை எண்ணி நடவில்லை.

விறகுக்கு அடிமரமும் கிளையும் போதும், இலைக்குக் கேட்பாரில்லை. அந்த இலையிலிருந்து தைலம் காய்ச்சும் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உதகையில் காலூன்றிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், அங்கிருந்து உதகைக்கு 1908இலும் ரயில் வந்தது. கோடை விடுமுறைக்கு மலையேறியவர்கள் திரும்பும்போது தைலப் புட்டியையும் கொண்டு சென்றனர். ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய், மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு சமவெளியெங்கும் பரவியது. மரத்துக்கும் தைல மரம் என்றே பெயர் நிலைத்தது.

தைலம் காய்ச்சும் முறை

இளங்கன்றில் இந்த மரத்தின் இலை காம்பின்றி, சாம்பல் பூத்த நீல நிறத்தில், எதிரெதிராக அமைந்திருக்கும். மரம் முதிர்ந்ததும் அரிவாள் போல வளைந்த நீண்ட இலைகள் தொங்கத் தொடங்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒளிரும் புள்ளிகள் தெரியும். எண்ணெய் இருப்பது அந்தச் சுரப்பிகளில்தான்.

தோட்டத்தில் உதிர்ந்த இலைகளைக் கூலியாட்கள் வாரி மூட்டையாகக் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். தண்ணீர் தாராளமாகத் தேவைப்படும் என்பதால் ஓடையோரத்தில் கொட்டகை போடுவது வழக்கம். அங்கே பெரிய செம்புக் கொப்பரையின் அடியில் தண்ணீர் ஊற்றி, அதற்குமேல் தட்டு வைத்து, இலையை அமுக்கி நிரப்புவார்கள். மூடியின் சந்து வழியே ஆவி கசியாமல் மண்ணால் பூசி அடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள். கொதிக்கும் நீரின் ஆவி, இலைக்குள் ஊடுருவி எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் மூழ்கிய குழாயைக் கடக்கும்போது ஆவி மீண்டும் திரவமாகும். தண்ணீரைவிட எண்ணெய் எடை குறைந்தது. எனவே பாத்திரத்தில் தெளிவாக மேலே மிதக்கும். அதைப் பிரித்தெடுத்தால் தைலம்.

ஒரு கொப்பரை வெந்து முடியப் பல மணி நேரம் பிடிக்கும். நூறு கிலோ இலையில் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோ தைலம்தான். சாறு போன இலையை உலர்த்தி அடுத்த கொப்பரைக்கு எரிபொருளாக்குவார்கள். மூலப்பொருள் உதிர்ந்த இலை, எரிபொருளும் அதே இலை, கருவியோ ஒரு கொப்பரையும் குழாயும். சிறு முதலீட்டில் நடத்த முடிந்ததால் இது குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது.

வேது முதல் அரோமாதெரபி வரை

இந்தத் தைலம் தமிழர் வாழ்வில் எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு முன்பே இருந்த ஒரு பழக்கம் காரணம். நொச்சி இலை, மஞ்சள் போட்டுக் கொதித்த நீரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வேது பிடிப்பது இங்கே தொன்றுதொட்ட வைத்தியம். நொச்சி கிடைக்காத நகரத்து வீட்டில் அந்த இடத்தைச் சில சொட்டுத் தைலம் பிடித்துக்கொண்டது. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பின்னர் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனம் போன்ற வலி நிவாரணிகளிலும் யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு சேர்மானம்.

ஐரோப்பாவில் நறுமண எண்ணெய் வைத்தியத்துக்கு அரோமாதெரபி என்ற பெயர் பின்னாளில்தான் வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கட்டஃபோசே 1937இல் அந்தப் பெயரிலேயே நூல் எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் ஜான் வால்னே 1960களில் அதைப் பரவலாக்கினார். யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். கட்டஃபோசேவுக்கு வெகுகாலம் முன்பே, 1870இல், பிரெஞ்சு வேதியியலாளர் க்ளோஎஸ் அதைப் பிரித்து யூகலிப்டால் என்று பெயரிட்டிருந்தார். மூக்கில் குளிர்ச்சியாக ஏறும் அந்த வாசனை அதனுடையதே. மருந்துத் தரத் தைலத்தில் சினியோல் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது மருந்தியல் நூல்களின் நெடுங்கால அளவுகோல்.

விலையைத் தீர்மானிப்பவை

நறுமண எண்ணெயின் விலை மருந்துக் குணத்தைப் பொறுத்ததன்று. மூலப்பொருளின் அருமை, அதில் உள்ள எண்ணெயின் அளவு, எடுக்கும் முறை ஆகிய மூன்றுமே விலையை முடிவு செய்கின்றன. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கும் மேற்பட்ட இதழ்கள் தேவை. அதுவும் விடியற்காலையில் கையால் பறித்தவை. மல்லிகையின் மென்மணம் நீராவியின் சூட்டைத் தாங்காது. கரைப்பான் கொண்டு பிரிக்க வேண்டும். சந்தன மரத்தின் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். திப்பு சுல்தான் 1792இல் அதை அரச மரமாக அறிவித்ததிலிருந்து மைசூர்ப் பகுதியில் அது அரசின் கட்டுப்பாட்டுப் பொருள்.

இவற்றுக்கு நேர்மாறானவை புல்லும் இலையும். கேரளத்தின் எலுமிச்சைப்புல் எண்ணெய், இலங்கையின் தென்கோடியில் எடுக்கப்பட்ட சிட்ரோனெல்லா, உத்தரப் பிரதேசத்தின் புதினா எண்ணெய் எல்லாம் விரைவில் வளர்ந்து, ஒரே ஆண்டில் பலமுறை அறுக்கத்தக்க பயிர்களிலிருந்து கிடைப்பவை. எனவே அவையும் மலிவு. யூகலிப்டஸ் இவற்றோடு சேர்ந்தாலும் ஒரு படி மேலே நிற்கிறது. அதன் சாகுபடிச் செலவை ஏற்கெனவே விறகும் காகிதக்கூழும் சுமந்துவிடுகின்றன. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும்கூடக் காகிதக்கூழுக்கு மரம் வெட்டும்போது மிஞ்சும் இலையிலிருந்தே தைலம் எடுக்கப்பட்டது. இன்று உலகச் சந்தைக்கு வரும் யூகலிப்டஸ் எண்ணெயின் பெரும்பகுதி சீனச் சரக்கு. நீலகிரிக் கொட்டகைகளுக்கு அந்த விலையோடு போட்டியிடுவது கடினமாகிவிட்டது.

மலை இழந்தது

மலிவு என்பது வாங்குபவரின் கணக்கு மட்டுமே. நீலகிரியின் உயர்ந்த மேடுகள் இயல்பில் புல்வெளிகள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். வெற்று நிலமென்று கருதி அங்கேயும் தைல மரமும் சீகையும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகையில் அமைந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் தேவைப்பட்டதால் நடவு இன்னும் பரவியது.

இதன் விளைவை உதகையில் உள்ள மத்திய மண், நீர் வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கன் பகுதியில் அளந்து காட்டியது. அருகருகே இருந்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் தைல மரம் நட்டுப் பார்த்தபோது, முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டி மறுதுளிர் வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. பைக்காரா, பவானி, மோயாறு ஆகியவற்றுக்கு நீர் தரும் மலையில் இது சிறிய இழப்பன்று. சென்னை உயர் நீதிமன்றம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்நிய மரங்களை அகற்ற உத்தரவிட்டதும், தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியத் தாவர ஒழிப்புக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கை வகுத்ததும் இதன் தொடர்ச்சி. தோட்டங்கள் குறையக் குறைய இலைவரத்தும் குறையும். புல்வெளி திரும்புவதற்காகத் தைலத் தொழில் சுருங்குவது நியாயமான விலையே.

கலப்படமும் தேர்வும்

மலிவான சரக்கிலும் கலப்படம் உண்டு என்பதற்கு இலங்கைச் சிட்ரோனெல்லாவின் கதை சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அதில் மண்ணெண்ணெய் கலந்து விற்பது பெருகியதால், அதைக் கண்டுபிடிக்க ஷிம்மெல் என்ற நறுமண எண்ணெய் நிறுவனத்தின் ஆல்கஹால் சோதனை வழக்கத்துக்கு வந்தது. தூய எண்ணெய் ஆல்கஹாலில் தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் கலந்தது கலங்கும். யூகலிப்டஸ் தைலத்துக்கும் அதே தத்துவம் பொருந்தும்: ஒரு பங்கு தைலம் 70 சதவீத ஆல்கஹாலில் ஐந்து பங்குக்குள் கரைய வேண்டும். வீட்டில் செய்யத்தக்க எளிய சோதனை வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுவது. சமையல் எண்ணெய் கலந்திருந்தால் வாசனை பறந்த பின்னும் தாளில் எண்ணெய்க் கறை நிற்கும். தூய தைலம் பிசுக்கின்றி ஆவியாகிவிடும். டர்பென்டைனும் கற்பூர எண்ணெயும் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு ஆய்வகம்தான் வழி.

வாங்கும்போது தாவரத்தின் முழுப்பெயரும் சினியோல் அளவும் தயாரித்த தேதியும் அச்சிட்ட, அடர்நிறக் கண்ணாடிப் புட்டியைத் தேர்வது நல்லது. எலுமிச்சை வாசனை வீசும் யூகலிப்டஸ் வேறு வகை. அதில் மிகுந்திருப்பது சிட்ரோனெல்லால், சினியோல் அன்று. மலிவாகவே விற்க வேண்டிய யூகலிப்டஸுக்குப் பெரிய விலை கேட்டால் அது பெரும்பாலும் புட்டிக்கும் பெயருக்கும் ஆன விலை. ரோஜா எண்ணெய் யூகலிப்டஸ் விலைக்குக் கிடைத்தால் அது ரோஜா எண்ணெயே அன்று. எந்தத் தைலமானாலும் அது வெளிப்பூச்சுக்கும் ஆவிக்கும் மட்டுமே உரியது. உள்ளே போனால் சில மில்லிலிட்டர்கூடக் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவக் கூடாது. புட்டி எப்போதும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.