‘ரீட். மல்.’ – ஒரு சுருக்கக்குறியின் வரலாறு

சென்ற மாதம் ஆய்வு நல்கைக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதில் ‘எச்-இன்டெக்ஸ்’ என்றொரு கட்டம் இருந்தது. ஒருவருடைய கட்டுரைகளுள் ஐந்தேனும் தலைக்கு ஐந்து முறைக்குக் குறையாமல் பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 5. ஆறை எட்ட, ஆறு கட்டுரைகள் ஆறாறு முறை காட்டப்பட்டிருக்க வேண்டும். 2005இல் ஹிர்ஷ் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் முன்வைத்த அளவை இது. என்னுடைய எண் 1. அதை எழுதிவிட்டு, மட்டாஞ்சேரியில் கொங்கணியர் வாழும் செர்ளாய்த் தெருக்கள் வழியே அறைக்குத் திரும்பினேன். இந்த ஊரில் 350 ஆண்டுகளுக்கு முன் உருவான ஒரு நூலும் அதன் பின்னால் நின்ற நால்வரும் நினைவுக்கு வந்தனர்.

டச்சுக் கம்பெனியின் மலபார்ப் பகுதித் தலைவராகக் கொச்சியில் இருந்த ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மலபார்க் கரையின் 700க்கும் மேற்பட்ட செடிகொடி மரங்கள் அதில் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. வான் ரீடு தாவரவியலாளர் அல்லர், படைவீரர், நிருவாகி. செடிகளின் பெயரும் மருந்துப் பயனும் வேறிடத்திலிருந்து வந்தன. கரைப்புறத்துக் கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்துச் சுவடியிலும் அனுபவத்திலும் இருந்தவற்றைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்ச்சுகீசியத்தில் எழுதிக்கொண்டார். பின்னர் அது இலத்தீன் ஆயிற்று. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உடனிருந்து உதவினர்.

வான் ரீடு இவர்களை மறைத்துவிட்டார் என்று நம் சமூக ஊடகப் பதிவுகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. அது சரியன்று. முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே இவர்களுடைய சான்றுரைகள் 1675 ஏப்ரல் மாத நாளிட்டு அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதனின் உரை கோலெழுத்திலும் மற்ற மூவரின் உரை நாகரி வரிவடிவில் கொங்கணியிலும் உள்ளன. யார் எதைச் சொன்னார், எந்த உரிமையில் சொன்னார் என்பதை அவரவர் எழுத்திலேயே பதிந்த பக்கங்கள் அவை. இன்றைய ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில் கேட்கும் ‘பங்களிப்பு அறிக்கை’ இதைவிடச் செம்மையாக இருப்பதை நான் கண்டதில்லை.

அப்படியானால் பெயர்கள் எங்கே தவறின? லின்னேயஸின் மேசையில் என்பது என் கருத்து. இந்தியாவுக்கு ஒருபோதும் வராத அவர், ஆசியத் தாவரங்கள் பலவற்றுக்கு இந்நூலையே நம்பினார். 1753இல் வெளிவந்த ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் குடைப்பனைக்குரிய பதிவைப் பார்த்தால் ‘கோட்ட-பன்ன’ என்னும் மலையாளப் பெயரும் அதையடுத்து ‘ரீட். மல்.’ என்னும் சுருக்கக்குறியும் தொகுதி, பக்க, பட எண்களும் இருக்கும். மரத்தின் மலையாளப் பெயர் பிழைத்தது; அதைச் சொன்னவரின் பெயர் பிழைக்கவில்லை. லின்னேயஸைக் குற்றஞ்சாட்டவும் இயலாது. ஆயிரக்கணக்கான தாவரங்களை ஒரு நூலில் அடக்குபவருக்குச் சுருக்கக்குறி இன்றியமையாதது. ஆயினும் அடுத்த தலைமுறையினர் மூலநூலைத் திறக்காமல் அக்குறியையே படியெடுத்தனர். லின்னேயஸ் ‘ரீடியா’ என்று ஒரு பேரினத்துக்குப் பெயரிட்டு வான் ரீடைப் போற்றினார். ஏலக்காய்க்கு 1811இல் சூட்டப்பட்ட ‘எலெட்டாரியா’ இந்நூலில் பதிவான ‘ஏலத்தரி’ என்னும் மலையாளச் சொல்லிலிருந்து பிறந்தது.

இதே தவறு எண்ணிக்கையின் காலத்திலும் நிகழ்ந்தது. யூஜின் கார்பீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையின் அச்சு வடிவில், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் முதல் ஆசிரியரின் பெயருக்குக் கீழே மட்டுமே திரட்டப்பட்டன. இரண்டாமவர் தம் கணக்கைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான். (நூலகப் பணியை எண்களால் ஆராயும் துறைக்கு 1948இலேயே ‘லைப்ரமெட்ரி’ எனப் பெயரிட்டவர் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். அவர் பெயரில் ‘எஸ். ஆர்.’ எது, ‘ரங்கநாதன்’ எது என்று தரவுத்தளங்கள் இன்றும் திண்டாடுவது தனிக்கதை.) ஒரு கருத்து அனைவருக்கும் பொதுவாகிவிட்டால் அதன் மூலவரை எவரும் குறிப்பிடுவதில்லை என்பதைச் சமூகவியலாளர் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். மேற்கோள் எண்ணிக்கை காட்டுவது, ஒரு கடன் யார் பேரேட்டில் எழுதப்பட்டுள்ளது என்பதையே. யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பதை அறியச் சான்றுரைப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும்.

திறந்தவர்களும் உண்டு. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கா. சு. மணிலால் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நூலுக்குக் கொடுத்தார். 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அவருடைய மொழிபெயர்ப்புகள் வந்தன. அவற்றுக்கு முன்பே, 1995இல், ரிச்சர்டு குரோவ் என்னும் வரலாற்றாசிரியர் ஈழவ மருத்துவ அறிவுக்கு இந்நூலின் வகைப்பாட்டில் பெரும்பங்கு உண்டு என்று வாதிட்டிருந்தார். இவ்விருவரின் மேற்கோள் எண்ணிக்கையைத் தரவுத்தளங்களில் பார்க்கலாம். இட்டி அச்சுதனுக்குத்தான் அங்கே பக்கமில்லை.

இதை எழுதும்போது எனக்கு உறுத்துவது லின்னேயஸின் குறியன்று, என்னுடையது. வேளியில், டோபிகானாவில் வேலை செய்யும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் பேச்சை இரண்டாண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறேன். மலையாளக் கடலுக்கு நடுவே அவர்கள் காத்துவந்த வினைமுற்றுகளே என் மூன்றாம் இயலின் அடிப்படை. இயலில் அவர்கள் ‘த. 1’, ‘த. 2’ என்று வருகிறார்கள். ‘த.’ என்றால் தகவலாளர். நெறிமுறைப்படி அதுவே பாதுகாப்பு என்று கற்றுத்தந்தார்கள், நானும் ஐயுறவில்லை. சலவைக்கல்லருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் அச்சுப்படியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நான் சொன்னதெல்லாம் இருக்கு. நான் எங்கே இருக்கேன், கண்ணு?” என்று கேட்டார்.

ஒப்புதல் படிவத்தை மாற்றி எழுதி, பெயர் இடலாமா கூடாதா என்பதை அவரவரே குறிக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். மூவர் வேண்டாம் என்றனர். சாதியும் தொழிலும் தங்கள் பிள்ளைகளைத் தேடிவரும் என்ற அவர்களுடைய அச்சத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர்கள் எண்களாகவே இருப்பார்கள். எட்டுப் பேர் பெயரிடச் சொன்னார்கள். கல்லருகே கேட்ட பெரியவர் ‘த. 7’. தம் பெயருக்கு முன் தந்தையின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும், ஒற்றை எழுத்தாகச் சுருக்கக் கூடாது என்றார். அப்படியே எழுதி நெறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன்.