அரை ஓட்டு அரசர்

கொல்லம் ஆண்டு 925, மகரம் 5. ஆங்கிலக் கணக்கில் 1750 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தன் உடைவாளைப் பெருமாள் முன் வைத்தார். ராஜ்ஜியம் முழுவதையும் சுவாமிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு 'பத்மநாபதாசன்' ஆனார். இதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். இனி அரசரை எதிர்ப்பவன் தெய்வத்தையே எதிர்த்தவன்.

இவ்வளவு பெரிய காப்பு ஏன் தேவைப்பட்டது? 1729இல் அவர் பட்டமேறியபோது கோயில் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற சபையின் கையில் இருந்தது. அதில் அரசருக்கு அரை ஓட்டுதான். கோயில் நிலங்களில் வசூல் செய்தவர்கள் கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், குளத்தூர் முதலிய எட்டு வீட்டுப் பிள்ளைமார். ஆள்பலமும் அவர்களிடமே. சகோதரியின் மகனுக்கே வாரிசுரிமை என்னும் மருமக்கள் வழிப்படி பட்டம் மார்த்தாண்ட வர்மாவுக்கு வந்தது. முந்தைய அரசரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்கவில்லை. பிள்ளைமார் தம்பிமார் பக்கம் சாய்ந்தார்கள்.

தம்பிமார் கொல்லப்பட்டார்கள். பிள்ளைமாருக்குத் தூக்கு. அவர்களின் வீடுகளை இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டினார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைத் துறைகளுக்கு அனுப்பிவிட்டதாகவும் செவிவழிச் செய்தி உண்டு. குடும்பத்தின் சுவடே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய வில்லியமும் பழைய பிரபுக்களின் வேரைத்தான் அறுத்தார். இருபது ஆண்டு கழித்து, 1086இல் 'டூம்ஸ்டே' நிலக் கணக்கு எழுதப்பட்டபோது, பெரிய நிலக்கிழார்களில் ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருந்தார்கள். பறித்த நிலத்தை வில்லியம் தன் வீரர்களுக்குப் பங்கிட்டார். புதிய பிரபுக்கள் முளைத்தார்கள். மார்த்தாண்ட வர்மா அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. பிரபுக்கள் இருந்த இடத்தில் காரியக்காரர்கள் என்ற அரசு அதிகாரிகளை உட்கார வைத்தார்.

பள்ளிச்சல் ஊரைச் சேர்ந்த மல்லன் சங்கரன் என்ற அதிகாரி நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து தேவஸ்வம், பிரம்மஸ்வம், தானம், பண்டாரவகை என்று நான்காகப் பிரித்தார். முதல் இரண்டும் கோயில் நிலம், பிராமணர் நிலம்; பண்டாரவகை என்றால் அரசு நிலம். மிளகு வியாபாரம் அரசின் தனியுரிமை ஆனது. பிள்ளைமாரின் நாயர் படைகளை நம்பாமல் அரசர் மறவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். தளவாய் ராமய்யன் தமிழ்ப் பிராமணர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், அதே அரசரின் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' ஆனார்.  உள்ளூர்ச் செல்வாக்கு எதுவும் இல்லாத இப்படிப்பட்டவர்களால் அரசரை மீற முடியாது. அவர்களை நம்பியதன் ரகசியம் அதுதான்.

இந்த ஏற்பாட்டில்தான் கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று சிற்றரசுகள் ஒவ்வொன்றாக விழுந்து திருவிதாங்கூர் உருவானது. ஆனால் வயலில் நின்ற குடியானவனுக்குக் கிடைத்தது வேறொரு வசூல்காரர்தான். பண்டாரவகை நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் அவனுக்கு முழு உரிமை வந்தது 1865இல், ஆயில்யம் திருநாள் அரசர் காலத்துப் பண்டாரப்பாட்டப் பிரகடனத்தால். திருப்படித்தானம் நடந்து அதற்குள் 115 ஆண்டு ஓடிவிட்டது.