எலி செத்தா ஊரைக் காலி பண்ணுன பள்ளத்தாக்கு

2022 ஜனவரி 6 ராத்திரி பத்து மணியிலிருந்து இரவு ஊரடங்கு வந்தது. அந்த ஞாயிறு, ஜனவரி 9, முழு ஊரடங்கு. மறுநாள் ஓபிக்கு வந்ததுல பாதிப் பேருக்குக் காய்ச்சல் இல்ல. "மறுபடியும் பூட்டிருவாங்களா சார்?"னு கேட்கத்தான் வந்தாங்க. காமயகவுண்டன்பட்டி அக்கா ஒருத்தங்க, ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் மலையேறுறவங்க, ஒரே கேள்விதான் கேட்டாங்க: "கம்பம்மெட்டுக்கு ஜீப் ஓடுமா?"

எனக்கும் தெரியலக்கா என்றேன். ஆனா நோய் திரும்பி வரும், பொழப்பு நிக்கும் என்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதுசு இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அதை அடக்க வெள்ளைக்காரன் அவசரமாப் போட்டதுதான் 1897-ம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம். 2020-ல் நம்மை வீட்டுக்குள் உட்கார வைக்கக் கையில் எடுத்த சட்டங்களில் அதுவும் ஒண்ணு. நூத்துச் சொச்சம் வருஷமா அதைத் தூசி தட்டித் தட்டியே ஓட்டிக்கிட்டு இருக்கோம்!

அந்த பிளேக் பல ஊர்களில் வந்துட்டுப் போச்சு. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கிருச்சு. ஒரு பருவம் அடங்கும், அடுத்த பருவம் தலைதூக்கும். ஏன் இங்க மட்டும் போகமாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவே ஆட்கள் வந்தாங்க. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இரண்டு பேர் இங்கே நடத்திய ஆய்வு 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது, தலைப்பிலேயே கம்பம் பள்ளத்தாக்கின் பெயரோடு. அதுக்கு முன்னாடியே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் கிங்கும் சி.ஜி.பண்டிட்டும் சென்னை மாகாணம் முழுக்க எலிகளின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிகளைக் கணக்கெடுத்திருந்தாங்க. (இந்த பண்டிட்தான் பின்னாளில் ஐசிஎம்ஆரின் முதல் இயக்குநர். கொரோனா காலத்தில் தினமும் டிவியில் கேட்டோமே, அதே ஐசிஎம்ஆர்.)

தெள்ளுப்பூச்சியை எதுக்கு எண்ணணும்? பிளேக் முதலில் எலிக்குத்தான் வரும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதிலிருக்கும் பூச்சி சூடான வேற உடம்பைத் தேடும். பக்கத்தில் படுத்திருப்பது நாம. கடிச்ச சில நாளில் காய்ச்சல், கக்கத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். அந்தப் பூச்சியிலும் ரகம் உண்டு. கியோபிஸ் என்ற ரகம்தான் பிளேக்கைப் பரப்புவதில் கெட்டிக்காரன். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் அதிகம் இருந்தது அஸ்டியா என்ற மந்தமான ரகம். சென்னையில் பிளேக் பெருசா வேர்பிடிக்காததுக்கு இதை ஒரு முக்கியக் காரணமாச் சொன்னாங்க.

மருந்து? அப்போ ஸ்ட்ரெப்டோமைசின் கிடையாது. ஹாஃப்கின் கண்டுபிடிச்ச தடுப்பூசி இருந்தது, அதுவும் முழுப் பாதுகாப்பு இல்ல. ஜனங்க கையில் இருந்தது ஒரு அடையாளமும் ஒரு வழியும். அடையாளம், காரணமில்லாம வீட்டில் எலி செத்து விழுறது. வழி, அன்னைக்கே வீட்டைப் பூட்டிட்டு வெளியேறுறது. தோட்டத்தில், தோப்பில் குடிசை போட்டு வாரக்கணக்கில் இருப்பாங்க. சென்னை மாகாணம் முழுக்க இதுதான் வழக்கம், அரசாங்கமும் இதைத்தான் சொன்னது.

கொரோனாவுக்கு வீட்டுக்குள்ள இரு, பிளேக்குக்கு வீட்டை விட்டு ஓடு. நேர் எதிர்தான். ஆனா ரெண்டிலும் நோயை விட முன்னாடி அடி வாங்குறது அன்னாடங் கூலிக்காரங்க.

1918 இன்ஃப்ளுயன்சாவும் இதே கதைதான். ஜூனில் பம்பாயில் இறங்கிய முதல் அலை லேசா போச்சு. செப்டம்பர், அக்டோபரில் வந்த இரண்டாவது அலைதான் கொன்னது. இந்தியாவில் கோடிக்கு மேல் சாவு. அந்த வருஷம் மழையும் பொய்த்து, அரிசி விலை ஏறி, சென்னையில் கடைகளைச் சூறையாடுற அளவுக்குப் போச்சு. 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நாட்டின் ஜனத்தொகையே கொஞ்சம் குறைஞ்சது. வேற எந்தப் பத்தாண்டிலும் அப்படி நடக்கல.

இப்போ நம்ம கதை. 2020 மார்ச் கடைசி வாரம் பஸ் நின்னது, கேரள எல்லை அடைஞ்சது. ஏலத்தோட்ட வேலைக்குப் போனவங்க சிலர் காட்டுவழியா நடந்தே ராசிங்காபுரம் திரும்பும்போது காட்டுத்தீயில் சிக்கினாங்க. இறந்தவங்களில் ஒரு குழந்தையும் உண்டு. அவங்க யாரும் கொரோனாவில் சாகல. எந்தக் கொரோனா கணக்கிலும் அவங்க வரமாட்டாங்க.

பன்னீர் திராட்சை அறுக்க ஆள் இல்லாம, ஏத்த லாரி இல்லாம பந்தல்லயே அழுகினதை நீங்களே பார்த்தீங்க. நான் பார்த்தது வேற. 2021 மே, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று வந்த சமயம். பிரஷர் மாத்திரை தீர்ந்து, வாங்க வர பஸ் இல்லாம, மூணு வாரம் கழிச்சு ஒரு பக்கம் கை கால் விழுந்து வந்தார் ஒரு பெரியவர். கொரோனா டெஸ்ட் நெகட்டிவ். அந்தப் பாடத்தில்தான் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது. என் கணக்கில், இரண்டு அலைக்கு நடுவில் நாம செஞ்ச உருப்படியான தயாரிப்பு தடுப்பூசிக்கு அடுத்து இதுதான்.

அதனால இந்தத் தடவை எலி சாகுறதுக்கு முன்னாடியே சொல்றேன். சுகர், பிரஷர், வலிப்பு, காசநோய், தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, வீட்டில் எத்தனை நாளைக்கு இருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே எண்ணிப் பாருங்க. பத்து நாளுக்குக் குறைவுன்னா நாளைக்கே சீட்டோட வாங்க. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற அக்கா போன் நம்பரை வாங்கி வைங்க. டயாலிசிஸ் போறவங்க ஊரடங்கு நாளில் முறை இருந்தா முன்கூட்டியே கேட்டு நாளை மாத்திக்கோங்க. கர்ப்பிணிகளுக்கு ராத்திரி வலி வந்தா ஊரடங்குன்னு யோசிக்காம 108-ஐக் கூப்பிடுங்க, ஆம்புலன்சை யாரும் மறிக்கமாட்டாங்க. தோட்ட வேலைக்குப் போறவங்க அங்கேயே தங்குறதா இருந்தா மாத்திரையைக் கையோட கொண்டுபோங்க. எல்லை அடைஞ்சா காட்டுவழியா மட்டும் இறங்காதீங்க.

2022 ஜனவரி 10, திங்கட்கிழமை, பூஸ்டர் ஊசி ஆரம்பமாச்சு. 60 வயசுக்கு மேல், இணைநோய் இருந்து, இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாசம் ஆனவங்களுக்கு அப்போ போட்டாங்க.